தெருப் படுதாவுக்கு முன்னால்

கம்பெனி நாடகங்கள் விடிய விடிய நடந்த காலத்தில் காட்சி மாற்றம் சாதாரண வேலை இல்லை. தர்பார் முடிந்து நந்தவனம் வரவேண்டும் என்றால் சிம்மாசனத்தை நகர்த்தி, தூண்களை எடுத்து, மரமும் கொடியும் ஜோடிக்க வேண்டும். அதுவரை கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்களை என்ன செய்வது? முன்னால் ஒரு தெருப் படுதாவை இறக்கிவிடுவார்கள். பின்னால் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். முன்னால் பபூன் வந்து நிற்பான். அன்றைக்கு நடப்பது ராஜா கதையோ புராணக் கதையோ, அவனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அரிசி விலை, உள்ளூர் மிராசுதாரின் கஞ்சத்தனம், புதிதாக ஊருக்கு வந்த ரயில் என்று எதைப் பற்றியும் பேசலாம், பாடலாம். பின்னால் வேலை முடிந்ததும் பேச்சை முடித்துக்கொண்டு போய்விட வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு விதி.

தமிழ் சினிமாவின் 'காமெடி டிராக்' பிறந்த இடம் இந்தப் படுதாவின் முன்பக்கம் என்றே நான் நினைக்கிறேன். சினிமாவில் காட்சி மாற ஒரு வெட்டு போதும். ஆணி அடிக்கிற நேரத்தை நிரப்ப ஆள் தேவையில்லை. இருந்தும், கதைக்குச் சம்பந்தமில்லாமல் நான்கைந்து இடங்களில் வந்துபோகும் நகைச்சுவைப் பகுதி இங்கே எழுபது ஆண்டுகளுக்கும் மேல் உயிரோடு இருந்தது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு மதிப்பையும், ஒரு நோக்கத்தையும், ஒரு சந்தை விலையையும் உண்டாக்கியவர் என்.எஸ். கிருஷ்ணன். 'கலைவாணர்' என்று கொண்டாடப்படும் அவரைப் போற்றுவதற்கு நம்மிடம் ஆள் குறைவில்லை. வள்ளல் என்றும், சிரிக்க வைத்துச் சிந்திக்க வைத்தவர் என்றும் மேடைதோறும் சொல்கிறோம். அவர் கையாண்ட முறை என்ன, அது எதைத் தந்தது, எதைத் தடுத்தது என்பதை மட்டும் பேசாமல் விட்டுவிடுகிறோம். அவர் கொடுத்த தானங்களைப் பற்றிய கதைகள் அவருடைய தொழிலை மறைத்து நிற்கின்றன. அத்தனை பெரிய கலைஞனுக்கு இது நியாயமாகாது.

1908இல் நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் பிறந்தவர் கிருஷ்ணன். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். கொடை நாட்களில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த மண். டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தொடங்கிய ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவில் சேர்ந்து நடிகரானார். அந்த சபா மேடையேற்றிய, வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலிலிருந்து உருவான 'மேனகா' 1935இல் படமானபோது அதில் நடித்தார். அடுத்த ஆண்டு 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆருக்கும் டி.எஸ். பாலையாவுக்கும் அதுதான் முதல் படம்.

'சதி லீலாவதி'யின் இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். காமிரா கோணம், வெளிச்சம், நடிகரின் முகம் இவற்றையெல்லாம் அவரால் தீர்மானிக்க முடியும். நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவர் ஒரு சொல்லை எங்கே இழுத்தால் சிரிப்பு வரும், எங்கே விழுங்கினால் வரும் என்பதை அவர் எப்படித் தீர்மானிப்பார்? நகைச்சுவைப் பகுதியின் பொறுப்பு கிருஷ்ணனுடைய கைக்கே வந்து சேர்ந்தது இயல்பானது. தமிழ் அறிந்த இயக்குநர்களிடமும் பிறகு அதுவே வழக்கமாயிற்று. அவர் தனி நடிகராகப் படப்பிடிப்புக்குப் போவதில்லை. ஒரு செட்டோடு போவார். துணைவியும் ஜோடி நடிகையுமான டி.ஏ. மதுரம் உண்டு. டி.எஸ். துரைராஜ் போன்ற கூட்டாளிகள் உண்டு. பாட்டுக்கு உடுமலை நாராயண கவி. பின்னாளில் எழுத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் சுப்பு ஆறுமுகம். கதைக்கு ஒதுக்கப்பட்ட இடைவெளியின் அளவைக் கேட்டுக்கொண்டு, அந்த அளவுக்கு ஒரு குட்டி நாடகத்தை இவர்களே தயாரித்துக் கொண்டுவருவார்கள். இப்படிப்பட்ட குறும்படங்களைச் சேர்த்தே 1939இல் 'சிரிக்காதே' என்ற முழுப்படம் வெளிவந்தது என்றால், தனி நகைச்சுவைக்கு அப்போதே எவ்வளவு கிராக்கி இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

இந்த முறையின் முதல் பலம் இதுதான்: நடிகர் ஆசிரியராகவும் இருந்தார். அன்றைய கதாநாயகர்கள் யாருக்கும் இது வாய்க்கவில்லை. தியாகராஜ பாகவதர் பாபநாசம் சிவன் எழுதியதைப் பாடினார். சின்னப்பா இரட்டை வேடத்தில் வாள் சுழற்றினார். அவர்கள் வாயிலிருந்து வந்தது இன்னொருவர் கருத்து. கிருஷ்ணன் ஒருவர்தான் ஒவ்வொரு படத்திலும் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் எந்தச் சூழலில்? 1930களும் 40களும் புராணப் படங்களின் காலம். தயாரிப்பாளர் பக்தியை விற்கிறார். கதாநாயகன் கடைசியில் தெய்வ தரிசனம் பெறுகிறான். அதே படத்தின் பத்து நிமிடத்தில் ஒருவர் வந்து போலிச் சாமியாரையும், சகுனம் பார்ப்பவனையும், சாதிப் பெருமை பேசுகிறவனையும் சிரித்துக் கலைத்துவிட்டுப் போகிறார். முழுக் கதையாக இதை எடுத்திருந்தால் அன்றைக்கு முதல் போட யார் வருவார்கள்? கதைக்கு வெளியே நின்றதால்தான் அவரால் பேச முடிந்தது. தயாரிப்பாளரும் 'அது வெறும் காமெடிதானே' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். படுதாவின் முன்பக்கம் பபூனுக்குக் கொடுத்த அந்தப் பழைய சலுகையைக் கிருஷ்ணன் சமூக விமர்சனத்துக்கான இடமாக மாற்றிக்கொண்டார். இதை நான் ஒரு பெரிய சாதனையாகவே கருதுகிறேன்.

அவருடைய நகைச்சுவையின் உள்கட்டுமானத்தைப் பார்த்தால் கம்பெனி நாடகத்தைவிட வில்லுப்பாட்டு அதிகம் தெரிகிறது. வில்லுப்பாட்டில் புலவர் வீசுகோலை வீசிக் கதை சொல்வார். பக்கத்தில் குடம் அடிப்பவரும் உடுக்கை அடிப்பவரும் 'ஆமா' போடுவார்கள். அந்த 'ஆமா' வெறும் ஒப்புதலாக மட்டும் இருக்காது. சில சமயம் சந்தேகம், சில சமயம் கிண்டல், சில சமயம் கேட்பவர்கள் மனத்தில் எழுகிற கேள்வி. புலவரைப் பக்கப்பாட்டுக்காரர் மடக்கும்போதுதான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். கிருஷ்ணனும் மதுரமும் பேசிக்கொள்ளும் காட்சிகளில் இந்த அமைப்பு அப்படியே இருக்கிறது. அவர் ஒரு யோசனையை விரிப்பார். அந்த அம்மையார் முகத்தைச் சுளிப்பார், எதிர்க்கேள்வி போடுவார், சில சமயம் பாட்டின் பாதியைப் பறித்துக்கொள்வார். 'நல்லதம்பி'யில் விஞ்ஞானத்தைப் பற்றி இருவரும் பாடும் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். பொத்தானைத் தட்டினால் காலை உணவு பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று கனவு விரிகிறது. அந்தப் பாட்டுக்கு உயிர் கொடுப்பது மதுரத்தின் குரலில் இருக்கும் அவநம்பிக்கையும் ஆசையும் கலந்த தொனிதான். அவர் இல்லாமல் இது வெறும் அறிவியல் பிரசாரமாகப் போயிருக்கும்.

1936இல் 'வசந்தசேனா' படத்துக்காகப் புனா சென்றிருந்தபோது சேர்ந்த ஜோடி அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் சேர்ந்து நடித்தார்கள். ஆனாலும் நம் பேச்சில் மதுரம் எப்போதும் 'கலைவாணரின் துணைவி'யாகவே வருகிறார். அவர்களுடைய காட்சிகளில் பாதி கனம் அவர் சுமந்தது. கிருஷ்ணனுடைய பலம் குரலிலும் சிரிப்பிலும் விரியும் கண்களிலும் இருந்தது. உடல் நிதானமாகவே இயங்கும். மதுரத்துக்கு உடலே ஒரு மொழி. இடுப்பில் கை வைத்து அவர் திரும்பும் ஒரு திருப்பத்தில் ஒரு வசனத்தின் வேலை முடிந்துவிடும்.

இதே இடத்தில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். காட்சிகளின் வடிவம் இருவரையும் சமமாக வைத்தாலும் கருத்தின் ஓட்டம் பெரும்பாலும் ஒரே திசையில்தான். அறிந்தவர் கணவர், திருந்த வேண்டியவர் மனைவி. மூடநம்பிக்கை, நகை ஆசை, அக்கம்பக்கத்து வம்பு இவையெல்லாம் மதுரத்தின் பங்கிற்கு வந்துவிடும். பகுத்தறிவு கிருஷ்ணனின் பங்கு. மதுரம் எவ்வளவு சாமர்த்தியமாக எதிர்த்தாலும் கடைசி வரி அவரிடம் இருப்பதில்லை. அக்காலத்துப் பிற படங்களோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய முன்னேற்றம் என்று சொல்லலாம்தான். என்றாலும், சாதியைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் அவ்வளவு தூரம் யோசித்த ஒருவர் வீட்டுக்குள் இருந்த ஆசான்–மாணவி உறவை அசைக்காமல் விட்டது உறுத்துகிறது.

இனி, தனி நகைச்சுவைக்கும் கதைக்கும் நடுவே நின்ற சுவரைப் பற்றி. தனி நகைச்சுவை கதைக்கு வெளியே நின்றதால் சுதந்திரம் பெற்றது என்றேன். அதே காரணத்தால் கதைக்கு அது காதில் விழவே இல்லை. கிருஷ்ணன் வந்து தலைவிதியைக் கிண்டல் செய்துவிட்டுப் போவார். அடுத்த காட்சியில் கதாநாயகி தலைவிதியை நொந்து அழுவாள். கொட்டகையில் இருப்பவர் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். எது மனத்தில் தங்கியது? பாகவதரின் பாட்டு தங்கியது போல் கிருஷ்ணனின் கேள்வியும் தங்கியது என்று நம்பத்தான் ஆசை. ஆனால் அந்தப் படங்களின் கட்டமைப்பு இரண்டையும் மோதவிடாமல் பார்த்துக்கொண்டது. சாமியாரைக் கேலி செய்த பிறகும் சாமியார்கள் படத்தில் அற்புதங்கள் நிகழ்த்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

'சந்திரலேகா'வை எடுத்துக்கொள்ளலாம். 1948இல் வெளியான ஜெமினியின் பிரம்மாண்டம். ஒரு கொலை வழக்கில் சிறைப்பட்ட கிருஷ்ணன் (அதைப் பிறகு பார்ப்போம்) விடுதலையாகி வந்த பிறகு அவருக்கும் மதுரத்துக்கும் காட்சிகள் எழுதிச் சேர்க்கப்பட்டன. படத்துக்கு அவர்கள் கலகலப்பைக் கொடுத்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பின்னால் சேர்க்க முடிந்தது என்றாலே, வேண்டாமென்றால் எடுத்துவிடவும் முடியும் என்றுதான் பொருள். முரசு நடனத்தை அந்தப் படத்திலிருந்து எடுக்க முடியுமா?

இதற்கு விலக்கு ஒன்று 'சகுந்தலை'யில் (1940) கிடைக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்து, டங்கன் இயக்கிய படம். கிருஷ்ணனும் துரைராஜும் மீனவர்களாக வருகிறார்கள். மோதிரத்தை விழுங்கிய மீனையும் அதைப் பிடித்த செம்படவனையும் காளிதாசனே நாடகத்தில் வைத்திருக்கிறான். மகாராஜாவின் மறதி தீருவதே ஓர் ஏழையின் வலையில் விழுந்த மீனால்தான். ஆகவே இங்கே நகைச்சுவைக்குக் கதையில் வேர் இருக்கிறது. இருவரும் எவ்வளவு விலகிப் போய் வேடிக்கை செய்தாலும் நமக்குத் தெரியும், இந்த ஆட்களின் கையில்தான் ராணியின் வாழ்வு இருக்கிறது என்று.

அடுத்த ஆண்டு ஏவி. மெய்யப்பன் எடுத்த 'சபாபதி' வேறொரு பாதையைக் காட்டியது. பம்மல் சம்பந்த முதலியாரின் மேடைப் பிரகசனம் அது. டி.ஆர். ராமச்சந்திரன் அசட்டு எஜமானன், காளி என். ரத்தினம் அதைவிட அசட்டு வேலைக்காரன். அங்கே நகைச்சுவைக்குத் தனி நேரம் கிடையாது, படமே அதுதான். எஜமானன்–வேலைக்காரன் உறவின் போலித்தனம் ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுகிறது. சமூகக் கருத்து எதையும் சொல்லாத படம், ஆனால் கட்டுமானத்தில் அதுதான் கெட்டி. தமிழ்த் திரை அந்தப் பாதையில் போயிருக்கலாம். போகவில்லை. கிருஷ்ணனின் முறை அவ்வளவு வெற்றிகரமாக இருந்ததே அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. எந்தப் படத்திலும் ஒட்டவைக்கக்கூடிய ஒன்று கைவசம் இருக்கும்போது, நகைச்சுவையைக் கதையாக எழுதும் சிரமத்தை யார் ஏற்பார்கள்?

1944 நவம்பரில் 'இந்து நேசன்' ஆசிரியர் லட்சுமிகாந்தன் கொல்லப்பட்ட வழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகி ஆயுள் தண்டனை பெற்றார்கள். பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு, 1947 ஏப்ரலில் விடுதலையில் முடிந்தது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் இரு கலைஞர்களையும் எப்படிப் பாதித்தது என்பதில் இருவர் முறைகளுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. பாகவதரின் நட்சத்திரம் மறுபடி எழவில்லை. பக்தி ததும்பும் அழகன் என்ற பிம்பத்தின் மேல் நின்றவர் அவர். பிம்பத்தில் கீறல் விழுந்ததும் நிற்க இடமில்லை. கிருஷ்ணனுக்குப் பிம்பம் இல்லை, சபா இருந்தது. அவர் உள்ளே இருந்தபோதும் மதுரமும் எஸ்.வி. சகஸ்ரநாமமும் என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார்கள். அந்த சபாவின் நாடகம்தான் 1947இல் 'பைத்தியக்காரன்' என்ற படமாயிற்று; விடுதலையான கிருஷ்ணனும் அதில் தோன்றினார். நடிகர் கே.ஆர். ராமசாமி தனியே பிரிந்து தொடங்கிய சபாவுக்கும் கிருஷ்ணன் பெயரையே வைத்தார். அண்ணாவின் 'ஓர் இரவு' அந்த மேடையில் வந்தது. கூட்டாகத் தொழில் செய்கிறவனை ஒரு வழக்கால் முழுதாகச் சாய்க்க முடியவில்லை.

வெளியே வந்தவர் சுவரைத் தாண்டப் பார்த்தார். 1949இல் அண்ணாவின் எழுத்தில், கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையர் (இந்தக் கிருஷ்ணன் வேறு) இயக்கத்தில், சொந்தத் தயாரிப்பில் 'நல்லதம்பி'. கதாநாயகன் அவரே. 1951இல் மு. கருணாநிதியின் வசனத்தோடு 'மணமகள்', 1952இல் 'பணம்' இரண்டையும் தாமே இயக்கினார். 'பணம்' வரதட்சணையைப் பற்றியது; விசுவநாதன்–ராமமூர்த்தி இருவரும் இணைந்து இசையமைத்த முதல் படமும் அதுவே. திராவிட இயக்க எழுத்தாளர்கள் திரைக்குள் வந்த வாசல்களில் ஒன்று ஒரு நகைச்சுவை நடிகரின் கம்பெனி என்பதை நம் திரை வரலாறு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். அதே மனிதர்தான் நாகர்கோவிலில் காந்திக்கு நினைவுத் தூணும் எழுப்பினார். அவருக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. நமக்குத்தான் ஆட்களைக் கட்சிப் பெட்டிக்குள் போட்டு வைக்கும் பழக்கம்.

'நல்லதம்பி'யின் சிகரம் 'கிந்தனார்' கதாகாலட்சேபம். உடுமலை நாராயண கவியின் எழுத்து. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரத்தை நினைவூட்டும் அமைப்பு. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான்; கிந்தன் படிக்க ஏங்குகிறான். நந்தன் தீக்குளித்தான், கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து அதிகாரியாகத் திரும்புகிறான். காலட்சேபம் செய்யும் பாகவதரின் கோலத்தில் கிருஷ்ணன் நிற்கிறார். காலட்சேபத்தின் நடை, இழுப்பு, இடையிடையே வரும் உபகதை எதையும் அவர் கொச்சைப்படுத்தவில்லை. அந்த வடிவத்தின் மேல் அவருக்கு மரியாதை இருக்கிறது. அதனாலேயே அடி ஆழமாக விழுகிறது. நெருப்பில் இறங்கித்தான் ஒருவன் தூய்மை பெற வேண்டும் என்று கேட்ட சமூகத்தை, அந்தக் கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்டுப் பழகியவர்களை, அவர்களுக்குப் பிடித்த இசையிலேயே உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார். சாதி பார்க்காமல் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஓடும் ரயில் அங்கே வெறும் வாகனமாக நிற்பதில்லை. தமிழ் நகைச்சுவையில் இதற்கு இணையான ஒரு துண்டு நம்மிடம் இன்னும் இல்லை.

ஆனால் கவனியுங்கள்: கதாநாயகனாகத் தானே இருக்கும் படத்தில்கூட, அவருடைய மிகச் சிறந்த பகுதி ஒரு மேடையில், கூட்டத்தைப் பார்த்து நின்று நிகழ்த்தப்படுகிறது. 'ராஜா ராணி' (1956) படத்தில் சிரிப்பின் வகைகளைப் பாடிக்காட்டும் புகழ்பெற்ற பகுதியும் அப்படித்தான். சுவரை இடித்த பிறகும் அவர் படுதாவின் முன்பக்கத்துக்கே திரும்பத் திரும்ப வந்தார். அவருடைய கலைக்கு நேருக்கு நேர் பார்வையாளர் தேவைப்பட்டார்கள். இன்னொரு பாத்திரத்தின் முகத்தைப் பார்த்து, அந்தப் பாத்திரமாகவே வாழ்ந்து காட்டுவதில் அவருக்குப் பெரிய நாட்டமில்லை. 'நல்லதம்பி'யில் கதைக் காட்சிகள் சற்றுத் தளர்ந்தும், நிகழ்த்துகிற காட்சிகள் மின்னியும் இருப்பதற்கு இதுவே காரணம். மதுவிலக்குப் பிரசாரம் வரும் இடங்களில் தளர்ச்சி இன்னும் கூடுதல். 1948இல்தான் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்திருந்தது. அரசின் கொள்கையை ஆதரித்துப் பேசும்போது நகைச்சுவைக்குக் கூர்மை குறைந்துவிடுகிறது. எதிர்க்க ஒன்று இருந்தபோதெல்லாம் கிருஷ்ணன் மேலே போனார். போதிக்க மட்டும் ஒன்று இருந்தபோது வகுப்பறை வாத்தியாரானார்.

அப்படியென்றால் தனியாக நிற்பதே குறையா? 'முதல் தேதி' (1955) வேறு பதில் சொல்கிறது. சிவாஜி கணேசன் வங்கிக் குமாஸ்தா. வங்கி முறிந்து குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் கதை. அதில் சம்பள நாளைப் பற்றிக் கிருஷ்ணன் பாடும் பாட்டு ஒன்று. மாதத்தின் முதல் இருபது நாள் கொண்டாட்டம், மிச்ச நாட்கள் படும்பாடு. பாட்டு தனியாகத்தான் நிற்கிறது. எடுத்துத் தனியாகக் கேட்கலாம், இன்றும் கேட்கிறோம். ஆனால் கதையின் நரம்பும் பாட்டின் நரம்பும் ஒன்று. பாட்டைக் கேட்டுச் சிரித்தவர் பத்து நிமிடம் கழித்து அதே சம்பளம் நின்றுபோன வீட்டைப் பார்க்கிறார். சிரித்தது தொண்டையில் நிற்கிறது. கிருஷ்ணனின் முறைக்குள்ளேயே இந்தச் சாத்தியம் இருந்தது. இன்னும் பத்தாண்டு அவர் இருந்திருந்தால் இதை எங்கே கொண்டுபோயிருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 1957 ஆகஸ்ட் 30இல், 49 வயது நிறையும் முன்பே போய்விட்டார்.

அவருக்குப் பிறகு வந்தவர்களில் நாகேஷ் சுவரின் இரண்டு பக்கமும் நின்று காட்டினார். 'திருவிளையாடல்' (1965) தருமி கோயிலில் தனியாகப் புலம்பும்போது அது பபூனின் இடம். சிவாஜியின் சிவன் எதிரே வந்து நின்றதும் அது கதையின் இதயம். பசித்த புலவனும் கடவுளும் நேருக்கு நேர் பேசுகிறார்கள். கே. பாலசந்தர் மேடையிலிருந்து கொண்டுவந்த 'சர்வர் சுந்தரம்' (1964) நகைச்சுவை நடிகனின் துக்கத்தையே கதையாக்கியது. இவை விதிவிலக்குகள். பொதுவான ஓட்டம் தனி டிராக்கில்தான் போயிற்று. ஏ. வீரப்பன் எழுத்தில் கவுண்டமணியும் செந்திலும் அதை ஒரு துல்லியமான தொழிலாக்கினார்கள். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியில் ஒரு சொல் கூடுதல் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு உதையிலும் வசவிலும் வளர்ந்தது. தோற்றத்தையும் நிறத்தையும் இழிவுசெய்வது பிறகு வந்த படங்களில் வாடிக்கையாயிற்று. கிருஷ்ணன் கட்டிய சுவர் மிஞ்சியது. சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிய குழு மிஞ்சவில்லை. கதையிலிருந்து துண்டிக்கப்பட்ட காட்சிகள் ஆதித்யா, சிரிப்பொலி போன்ற தொலைக்காட்சிகளுக்கு இருபத்துநான்கு மணி நேரத் தீனியானபோது, அந்த டிராக்குகளை எழுதியவர்களின் பெயர்கள் முழுவதுமாக உதிர்ந்தன. வீரப்பன் பெயரை இன்று எத்தனை பேர் அறிவார்கள்?

'சின்னக் கலைவாணர்' என்று அழைக்கப்பட்ட விவேக் அந்தச் சுவருக்குள் கருத்தை மறுபடி கொண்டுவந்தார். அவருடைய அக்கறை உண்மையானது. ஆனால் கிருஷ்ணன் பேசிய படங்களைவிட இவர் பேசிய படங்கள் பல மடங்கு வேகமானவை, இரைச்சலானவை. ஒரு டிராக்கில் சாதியைச் சாடியதும் பின்னாலேயே அரிவாள் சுழற்றும் கதாநாயகன் வருவான். 'ரன்' (2002) படத்தில் பட்டணத்துக்கு வந்து ஏமாறும் கிராமத்தான் கதையைத் தனிப்படமாகவே ஓட்டலாம். மாதவனின் கதைக்கு அது தேவைப்படவே இல்லை. மதுரத்தைப் போல எதிர்த்துப் பேச ஒரு நிரந்தரத் துணை விவேக்குக்கு அமையவில்லை. எதிர்க்குரல் இல்லாத இடத்தில் கருத்து சொற்பொழிவாகிவிடுகிறது.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் தனி டிராக் மெல்ல மறைந்துவருகிறது. இயக்குநர்களே நகைச்சுவையைக் கதைக்குள் எழுதுகிறார்கள். மடோன் அஸ்வின் எழுதி இயக்கிய 'மண்டேலா' (2021) இதில் எனக்கு மிக முக்கியமான படம். கதாநாயகன் யோகி பாபு. ஊரில் முடிவெட்டுகிறவர், வீட்டு வாசலுக்குள் விடப்படாதவர், சொந்தப் பெயர்கூட இல்லாதவர். பஞ்சாயத்துத் தேர்தலில் இரண்டு சாதித் தரப்புக்கும் ஓட்டு சமமாக நிற்க, அடையாள அட்டை வாங்கிய இவருடைய ஒரு ஓட்டு எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறது. இங்கே எடுத்துவிடக்கூடிய காட்சி என்று ஒன்றும் இல்லை. சாதியை யாரும் சொற்பொழிவாற்றிக் கண்டிப்பதும் இல்லை.

'நல்லதம்பி'யோடு இதை வைத்துப் பார்க்கும்போது கிருஷ்ணனின் சீர்திருத்த நகைச்சுவையின் எல்லை எனக்குத் தெளிவாகிறது. நல்லதம்பிக்கு ஜமீன் சொத்து வருகிறது. அதை வைத்து அவன் ஊரைத் திருத்துகிறான். கிந்தன் அதிகாரியாகித் திரும்பிய பிறகே ஊர் அவனை வணங்குகிறது. கிருஷ்ணனின் உலகில் நல்லது மேலிருந்து வந்தது: பணம் உள்ள நல்லவனிடமிருந்து, பதவி பெற்ற படித்தவனிடமிருந்து, விவரம் தெரிந்த கணவரிடமிருந்து. மண்டேலாவிடம் சொத்து இல்லை, பதவி இல்லை, படிப்பும் இல்லை. இரு தரப்பும் அவனுக்குத் தீனி போட்டு வளைக்கப் பார்க்கின்றன; அவனும் கொஞ்ச நாள் வளைகிறான். பிறகு அந்த ஒற்றை ஓட்டைக் காட்டி ஊருக்குச் சாலை கேட்கிறான், கழிப்பறை கேட்கிறான், பள்ளிக்கூடம் கேட்கிறான்.